அடுத்த மாதத்துக் கட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் எம்.ஃபில். படித்தேன். பிள்ளைப்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து, பழைய செய்தித்தாள்கள் வைத்திருந்த மெட்ராஸ் நூலகம் ஒன்றுக்குப் போவேன். எங்கள் பக்கத்து ஏரிகளும் ஐம்பதுகளில் அவற்றுக்காக நடந்த தகராறுகளும்தான் என் ஆய்வு. தாள்களை மாதவாரியாக பைண்டு செய்து அடுக்கியிருந்தார்கள். ஒரு கட்டு வேண்டுமென்றால் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அடுத்த கட்டுக்கு இன்னொரு சீட்டு. எனக்குப் பொறுமை கிடையாது. இப்போதும் கிடையாது.

ஒரு கட்டின் கடைசித் தாளில் எங்கள் ஊர்ப் பெயர் கண்ணில் பட்டது. மழையில் ஏரிக்கரை உடைந்து பயிர் மூழ்கியதாம். மண்வெட்டியோடு பிடிபட்ட விவசாயி கரையை வெட்டியதாகப் புகார். பெயரும் போட்டிருந்தார்கள். எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர், நான் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர். ஆய்வுக்கு எங்கள் ஊர்ச் செய்தியே கிடைத்துவிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வேகவேகமாக எழுதிக்கொண்டு, கட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஆய்வேட்டில் புகார் என்ற சொல்லைக்கூட விட்டுவிட்டு, வெட்டினார் என்றே எழுதினேன். அச்சில் வந்தது பொய்யாகுமா என்ற நினைப்பு. ஏட்டைக் கல்லூரியில் கொடுத்த வாரமே, ஊர்ப் படிப்பகத்தில் என் வயசுப் பையன்கள் நடுவே அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தும் காட்டினேன். கைதட்டினார்கள். விஷயம் தெரிந்த பெரியவர்கள் அங்கே வருவதில்லை. மறுநாளிலிருந்து அவர் வீட்டுக்கு 'ஏரி வெட்டி வூடு' என்று பேராகிவிட்டது.

நாலைந்து நாள் கழித்து அவரே என்னைத் தேடி வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்.

"அதுக்கு அடுத்த மாசத்து பேப்பர பாத்தியாப்பா?"

"இல்ல பெரியப்பா. இன்னா கீது அதுல?"

"நண்டு வளைல தண்ணி பூந்து கரை ஒடைஞ்சிது. அடைக்கத்தான் மம்பட்டி எடுத்துகினு ஓடினேன். தாசில்தாரு விசாரிச்சி, நான் இல்லன்னு சொல்ட்டாரு. பேப்பர் ஆபீசுக்கே போயி அதயும் போட வெச்சேன். வெச்சிகினு இருந்த தாள கரையான் தின்னுடுச்சி."

மறுநாளே போய் அடுத்த கட்டை வாங்கினேன். முதல் வாரத்திலேயே, விளம்பரங்களுக்குக் கீழே, நாலு வரி மறுப்பு. அவர் சொன்னது சொன்னபடியே இருந்தது.

எழுதி எடுத்து வந்து அவர் வீட்டில் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

"அன்னிக்கி படிப்பகத்துல படிச்ச இல்ல, அங்கியே இதயும் படிச்சிடுப்பா. நாளைக்கி சாய்ங்காலம் வரேன்."

"சரி பெரியப்பா."

மறுநாள் மத்தியானமே மெட்ராஸுக்குப் பஸ் ஏறி, சிநேகிதன் அறையில் மூன்று நாள் கிடந்தேன். வாய்மொழித் தேர்வு வரப்போகிறது, விஷயம் பேராசிரியர் காதுக்குப் போனால் பட்டம் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் சாக்குதான். கைதட்டியவர்கள் முன்னால் நின்று, பாதியில் மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்ததும் படிப்பகம் பார்த்துக்கொள்கிறவர் சொன்னார்:

"பெரியவரு வெள்ள சட்ட போட்டுகினு, பேரப்புள்ளைங்கள எல்லாம் இட்டுகினு வந்தாரு. பூட்டற வரைக்கும் ஒக்காந்துகினு இருந்தாருப்பா."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் கேட்கவே இல்லை. தெருவில் பார்த்தால் வழக்கம்போல் சாப்பிட்டாயா என்பார். அந்த நாலு வரி இன்னும் என் நோட்டில்தான் இருக்கிறது. எனக்குப் பட்டம் கிடைத்தது. ஆய்வேடு கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. அதில் இன்றைக்கும் அவர்தான் கரையை வெட்டுகிறார்.