சாயாத் தூக்கும் சந்திரனும்

ஆறு கிளாஸ் சாயாவைக் கம்பித் தூக்கில் வைத்து, தலைக்கு மேலே ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் சங்கரலிங்கம் மிளகு மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிக்குள் கால் வைப்பார். ஒரு சொட்டுக் கீழே சிந்தாது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுமை வண்டிகள் நெருக்கியடிக்கும் நேரத்தில் இது என்ன கோமாளித்தனம் என்று கேட்பவர்கள் உண்டு. "சூரியன் பண்ணுத வேலையத்தான் நானும் பண்ணுதேன். அதப் போய்க் கேளுங்க சேட்டா" என்பார்.

கடையநல்லூர்ப் பக்கத்து ஆள். ஒல்லி உடம்பில் வலது தோள் மட்டும் பருமன். கிரகப் பைத்தியம் பிடித்தது வாசகசாலையில். மழைக்கு ஒதுங்கப் போன இடத்தில் அறிவியல் வகுப்பு நடந்தது. பள்ளிக்கூட மாஷ் ஒருவர் கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தார். இதைத்தானே நான் தினமும் செய்கிறேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்த சங்கரலிங்கம், அன்றிலிருந்து தன்னைச் சூரியனின் பங்காளியாகவே நினைத்துக்கொண்டார்.

"நெலா விழாம நிக்குதுன்னு யாருவே சொன்னா? விழுந்துக்கிட்டேதான் கெடக்கு. பூமி சுண்டி இழுக்கு. ஆனா அது பக்கவாட்டுல ஓடுத ஓட்டத்துல, விழுத எடத்துல பூமி இருக்க மாட்டேங்கு. ஓட்டத்த நிறுத்துச்சோ, நம்ம தலையிலதான்." தன் கைதான் அந்த இழுவை, மேலே கம்பி கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம் என்பார். கொச்சியில் சங்கம் வைக்காத, போனஸ் கேட்காத தொழிலாளிகள் கிரகங்கள் மட்டும்தான் என்று அவர் சேர்த்துக்கொள்ளும்போது சுமைதூக்கிகள் முறைப்பார்கள்.

எழுபத்தொன்பது ஜூலையில் இந்த ஞானம் அவர் குடும்பத்தையே கலைக்கப் பார்த்தது. ஸ்கைலாப் என்ற அமெரிக்க ஆய்வுக்கூடம் வானத்திலிருந்து விழப்போகிறது, எங்கே என்று யாருக்கும் தெரியாது என்று பத்திரிகைகள் எழுதின. அதே கிட்டங்கியில் மிளகு புடைக்கும் அவர் மனைவி முப்பிடாதி, அது நம்ம தலையில்தான் விழும், மத்தியான பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன் என்று துணிப்பையோடு வேலைக்கு வந்துவிட்டாள். வானத்திலிருந்து எது விழுந்தாலும் சங்கரலிங்கத்துக்குக் கவலையில்லை. போன தடவை கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனவள் திரும்பிவர இரண்டு வருடம் ஆயிற்று. அந்த இரண்டு வருடமும் அவர் தூக்கைச் சுற்றவே இல்லை.

எல்லார் முன்னாலும் தூக்கை எடுத்துச் சுற்றினார். "ஏட்டி, பாரு. விழுதா? நெலா இப்படித்தான்."

"நெலா விழாது, சரி. அது மட்டும் ஏங்க விழுது?"

ஒரு பொய் போதும், அவள் தங்கிவிடுவாள். ஆனால் கிரக விஷயத்தில் அவருக்குப் பொய் வராது. "அது தாழப் பறக்கு. அங்க கொஞ்சூண்டு காத்து கெடக்கு. ஒரசி ஒரசி வேகம் கொறஞ்சிரும்."

"கொறஞ்சா?"

"கொறஞ்சா..." என்றவர், விளக்கும் ஆர்வத்தில் சுற்றுகிற கையை மெள்ளத் தளர்த்தினார். தூக்கு உச்சியில் ஒரு கணம் தயங்கியது. ஆறு கிளாஸ் சாயாவும் அவர் தலையில் இறங்கியது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்ததில் நல்லவேளையாக ஆறிப்போயிருந்தது.

மிளகுக் குவியல் நனையவில்லை என்று பார்த்துக்கொண்டபிறகு, கிட்டங்கி மேஸ்திரி ராமபத்ரன், "அமெரிக்காக்காரன் தள்ளுறதுக்கு முன்னே நீ கீழே தள்ளியல்லோ, சங்கரலிங்கமே!" என்றார். பெண்கள் முறத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். முப்பிடாதி சிரிக்கவில்லை. எழுந்து பையைக் கையில் எடுத்தாள்.

"போறியாட்டி?" சாயா சொட்டும் முகத்தோடு கேட்டார்.

"ஒம்மள இப்படி விட்டுட்டா? தலையத் தொவட்டும் மொதல்ல" என்றவள், பையைத் திறந்து, தன் சேலைகளுக்கு நடுவிலிருந்து அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டையை உருவி அவர்மேல் எறிந்தாள்.