கடற்கரை மேடையில் இருபத்தோரு பேர்

காரைக்காலில் ஒரு பள்ளியில் நான் பிரெஞ்சு ஆசிரியை. இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. வினைச்சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளைகளைத் திரும்பச் சொல்ல வைத்து, தேர்வுத்தாள் திருத்தி, தலத்தெருவில் இருக்கும் வீட்டுக்குப் போய் உலை வைக்கிறவள். இத்தனை வருடத்தில் அந்த மொழியில் வெளியாள் ஒருவரோடு சேர்ந்தாற்போலப் பத்து நிமிடம் பேசியதில்லை. பேச வேண்டிய தேவையும் வந்ததில்லை.

ஒரு வருடம் அந்தத் தேவையும் வந்தது. ஆனி மாதத்தில் ஒரு நாள் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"ஒங்களுக்கு ஒரு வேலை வந்துருக்கும்மா. பாலே ஆடுறவங்க வர்றாங்களாம். அவுங்க பேசுறத நம்ம ஜனங்களுக்குச் சொல்லணுமாம்."

ஐரோப்பாவில் ஒரு சிறிய நாட்டின் தேசிய பாலே குழு அது. கால்விரல் நுனியில் நின்று ஆடுகிற அவர்களுடைய நாட்டியத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். குழு மாசி மாதம் வரை இந்தியாவில் தங்கிப் பெரிய நகரங்களில் ஆடப்போகிறது. இடையிடையே சில சிறிய ஊர்களுக்குப் பயிற்சியாளர்களை அனுப்பி, இதுவரை ஆடியே பார்த்திராத பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்போகிறது. ஓர் ஊருக்கு மூன்று முறை வருவார்கள். மூன்றாவது முறை குழு முழுவதும் வந்து ஆடும். அந்த மேடையில் ஊர்க்காரர்களுக்கும் பத்து நிமிடம்.

காரைக்காலை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது பயிற்சியாளர் வந்திறங்கிய அன்றுதான் தெரிந்தது. நாற்பது வயதைத் தாண்டிய, ஒல்லியான, முதுகு வளையாத பெண்மணி. அவருக்கு ஆங்கிலம் தடுமாறும், பிரெஞ்சு சரளமாக வரும். பாலேயில் எந்த நாட்டுக்காரர் ஆடினாலும் அசைவுகளின் பெயரெல்லாம் பிரெஞ்சில்தான் என்றார். "இங்கே எல்லோரும் பிரெஞ்சு பேசுவார்கள் என்று எங்களிடம் சொன்னார்களே?" என்று கேட்டார். பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்கும் சில வயதானவர்களையும், இலக்கணத்தை மட்டும் தெரிந்துவைத்திருக்கும் என்னையும் விட்டால் யாருமில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அப்படியானால் நீங்கள் போதும்" என்றார்.

ஆள் சேர்க்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூட வாசலில் நோட்டீஸ் ஒட்டினோம். பெயர் கொடுக்க ஒருவரும் வரவில்லை. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். அலுமினியச் சட்டியோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, எங்கள் தெருவை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போகிறவர்.

"ஆட்டமா? இந்த வயசுலயா? எங்கள வச்சு கேலி கீலி பண்ணப் போறாங்களா டீச்சரம்மா?"

"அதெல்லாம் இல்லக்கா. யாரும் வரலன்னா எனக்குத்தான் அசிங்கம். வெளிநாட்டுலேந்து வந்துட்டு அந்தம்மா சும்மா ஒக்காந்துருக்கு."

அவர் சங்கரா மீனைச் செதில் சுரண்டிக்கொண்டே யோசித்தார். "ஒங்களுக்கு அசிங்கம்னா வர்றேன்" என்றார். மறுநாள் அவரோடு நான்கு பெண்கள் வந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர். கடைசியில் இருபது பேர் தேறினார்கள். பதினாறு பெண்கள், நான்கு ஆண்கள். அவர்களில் ஒருத்தி நெரவிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தாள். முப்பத்தைந்து வயது. டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. வேலை முடிந்ததும் பஸ் பிடிக்காமல் நேராக எங்கள் பள்ளி ஹாலுக்கு வந்துவிடுவாள்.

முதல் நாள் வகுப்பை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பயிற்சியாளர் எங்களுக்கு எதிரே நின்று, குதிகால்களைச் சேர்த்துப் பாதங்களை வெளிப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு, "பிளியே" என்றார். அகராதிப்படி அதற்கு மடித்தது என்று பொருள். நான் கம்பீரமாக, "மடிங்க!" என்றேன்.

இரண்டு பேர் கையை மடித்தார்கள். ஒருவர் புடவைத் தலைப்பை மடித்து இடுப்பில் செருகினார். மீன்கார அக்கா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "எத மடிக்கணும் டீச்சரம்மா?" என்றார். ஹாலே சிரித்தது. எனக்கு முகம் சுண்டிவிட்டது. பயிற்சியாளர் என்னைப் பார்த்து, "நீங்கள் செய்து காட்டுங்கள்" என்றார்.

நான் மொழிபெயர்க்க வந்தவள். ஆடுவதாகப் பேச்சே இல்லை. ஆனால் இருபது பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தைத் திருப்பி, முழங்காலை மெல்ல மடித்து இறங்கினேன். எங்கேயோ ஒரு மூட்டு சொடுக்கியது. நிமிர்ந்தபோது அக்கா தலையாட்டினார்.

"இதானா! அருவாமனையில ஒக்காரப் போறப்ப, பாதியில யாரோ கூப்புட்டா எப்புடி நிப்போம்? அப்புடி நில்லுங்க. பாதி ஒக்காருங்க, அவ்வளவுதான்."

இருபது பேரும் ஒரே நேரத்தில் சரியாக இறங்கினார்கள். அவர் என்ன சொன்னார் என்று பயிற்சியாளர் கேட்டார். சொன்னேன். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் வகுப்புக்கு ஒரு தனி மொழி உண்டானது. குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பதற்கு நான் "எழும்புங்க" என்று சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் குதித்தார்கள். ஜவுளிக்கடைப் பெண்தான் சரிசெய்தாள். "மேல் தட்டுப் பொடவைய எடுக்குற மாதிரிங்க டீச்சர். குதிக்கக் கூடாது, எட்டணும்." தாவுவதற்கான சொல்லுக்குப் பிரெஞ்சில் எறிந்தது என்று அர்த்தம். எதை எறிவது என்று எனக்கே விளங்கவில்லை. அதையும் அவளே தீர்த்து வைத்தாள். "வயல்ல மடையத் தாண்டுறதுதானங்க இது?" பத்தாவது நாள் நான் பிரெஞ்சுச் சொல்லைக் கேட்டதும் யோசிக்காமல் தமிழைச் சொன்னேன். பாதி உக்காரு, தட்ட எட்டு, மடையத் தாண்டு. அகராதியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஒரு மாலை ஜவுளிக்கடைப் பெண்ணின் கணவர் ஹால் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். முகத்தைப் பார்த்தாலே கோபம் தெரிந்தது.

"கெளம்பு. ஊர்ல கேக்குறவங்களுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

நான் நடுவில் போகலாமா என்று பார்த்தேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். குரலை உயர்த்தவில்லை.

"காலையிலேந்து அடுத்தவங்க பொடவைய விரிச்சுக் காட்டிக்கிட்டு, மடிச்சு வச்சுக்கிட்டு நிக்கிறேன். இங்க ஒரு மணி நேரம் என் கைய நானே விரிச்சுப் பாக்குறேன். இதுல என்னா தப்பு? ஒக்காந்து பாருங்க. தப்புன்னா அப்புறம் சொல்லுங்க."

அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வகுப்பு முடியும் வரை கைபேசியை எடுக்கவில்லை. முடிந்ததும் வண்டியைக் கிளப்பினார், அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். மறுநாள் வகுப்பு நேரத்துக்கு அவரே கொண்டுவந்து விட்டார்.

பயிற்சியாளர் போன பிறகும் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடினோம். ஆவணி கடைசியில், குழு சென்னையில் ஆடுகிறது, மேடை அறிவிப்பைத் தமிழில் படிக்க வர முடியுமா என்று கேட்டார்கள். போனேன். அறிவிப்பைப் படித்துவிட்டு மேடையின் பக்கவாட்டில், திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அங்கிருந்து பார்த்தால் ஆட்டம் வேறு மாதிரி இருந்தது. பார்வையாளர்களுக்கு இறகு மாதிரி தெரிகிறவர்கள் மூச்சிரைக்க ஓடி வந்து என் பக்கத்தில் குனிந்து நின்றார்கள். ஒருத்தியின் கட்டைவிரலில் பிளாஸ்திரியையும் மீறி ரத்தம். துடைத்துக்கொண்டு மறுபடி ஓடினாள். உயரமான ஓர் ஆட்டக்காரன் மேடையைக் குறுக்காகக் கடந்து தாவியபோது அரங்கமே கைதட்டியது. தாவுவதற்கு முன்னால் கண் இமைக்கும் நேரம் அவன் முழங்காலை மடித்ததை நான் பார்த்தேன். என்னையறியாமல், "பாதி உக்காரு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவன் ஆயிரம் முறை பழகியதை நாங்களும் பழகிக்கொண்டிருக்கிறோம். அளவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம், ஆனால் பொருள் ஒன்றுதான். அந்த நினைப்பில் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

கார்த்திகையில் பயிற்சியாளர் இரண்டாம் முறை வந்தார். மழை விடாமல் பெய்தது. பத்து நாளில் இரண்டு நாள் ஹாலுக்குள்ளேயே தண்ணீர் வந்துவிட்டது. இருந்தும் யாரும் நிற்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஆட்டத்தை அமைத்தார்கள். மீன்கார அக்காவும் ஜவுளிக்கடைப் பெண்ணும் ஜோடி. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் எடையை ஒருவர் தாங்கிப் பின்பக்கம் சாய வேண்டும். கையை விட்டால் இரண்டு பேரும் விழுவார்கள். முதல் நாள் விழுந்தார்கள். அதற்கப்புறம் விழவில்லை.

மாசியில் குழு முழுவதும் வந்தது. பயணத்தின் கடைசி நிகழ்ச்சி எங்கள் ஊரில்தான். கடற்கரையோரம் மேடை போட்டு, அதன் மேல் கறுப்பு ரப்பர் விரிப்பை விரித்தார்கள். மாலை ஏழு மணிக்கு நிகழ்ச்சி. முந்தின நாள் அதே நேரத்துக்கு ஒத்திகை வைத்தார்கள். ஒத்திகை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒருத்தி வழுக்கி விழுந்தாள். அடுத்து இன்னொருவன். துடைக்கத் துடைக்க விரிப்பில் ஈரம் பூத்துக்கொண்டே இருந்தது. குழுவின் இயக்குநர் விரிப்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இந்தத் தரையில் கால் நுனியில் ஆடினால் எலும்பு முறியும், ரத்து செய்வதைத் தவிர வழியில்லை என்று பயிற்சியாளரிடம் சொன்னார். அவர் அதை எனக்குப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். நான் எங்கள் இருபது பேருக்குச் சொன்னேன்.

மீன்கார அக்கா மேடையில் ஏறி விரிப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"இது பனிங்க. மாசியில பொழுது சாஞ்சதும் எறங்கும். மூணு மணி வெயில்ல கருவாடே காயுது, இது காயாதா? நாலு மணிக்கு ஆரம்பிச்சு ஆறுக்குள்ள முடிச்சுப்புடுங்க. நம்ம ஆட்டத்த மொதல்ல வச்சிடட்டும். வெறுங்கால்தான, கொஞ்சம் சூடு தாங்கும்."

அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் பிரெஞ்சில் சொன்னேன். கருவாட்டுக்கு மட்டும் சொல் தெரியாமல், வெயிலில் காயவைத்த மீன் என்றேன். பயிற்சியாளர் அதை இயக்குநருக்குச் சொன்னார். இயக்குநர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இந்த அம்மா எத்தனை வருடமாக இந்தக் கடற்கரையில் இருக்கிறார்?" என்று கேட்டார். "பொறந்ததுலேந்து" என்றார் அக்கா. நிகழ்ச்சி நாலு மணிக்கு என்று முடிவானது. மறுநாள் காலை ஆட்டோவில் மைக் கட்டி ஊரெல்லாம் நேரத்தை மாற்றிச் சொன்னோம்.

ஒரு காரியத்தை யாரும் யோசிக்கவில்லை. நாலு மணி என்பது ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு வேலை நேரம். முகூர்த்த மாதம் வேறு. கடையில் விடமாட்டேன் என்கிறார்கள் என்று அவள் மத்தியானம் போனில் சொன்னாள்.

"அவள் இடத்தில் நீங்கள் நில்லுங்கள்" என்றார் பயிற்சியாளர் என்னிடம்.

"நான் சொல்லிக்கொடுக்க வேண்டாமா?"

"இனி எதற்கு? அவர்களுக்கு எல்லாம் தெரியும்."

உண்மைதான். மேடையோரம் நின்று சொற்களைக் கூவுகிற வேலை முடிந்துவிட்டது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்காவுக்கு எதிரே போய் நின்றேன். கீழே மணல் முழுக்க ஜனம். குடைபிடித்தவர்கள், தலையில் துண்டு போட்டவர்கள், என் பள்ளிப் பிள்ளைகள், அக்காவின் தெரு மொத்தமும். வெயிலில் கண் கூசியது. அக்கா என் கையைப் பிடித்தார். "கைய மட்டும் விட்டுறாதீங்க" என்றார் மெதுவாக.

இசையைப் போடப்போகிற நேரத்தில் மேடைக்குப் பின்னால் ஒரு வண்டிச் சத்தம். அவள் படியேறி ஓடி வந்தாள். கடைச் சீருடைச் சேலை, மார்பில் பெயர் அட்டை குத்தியபடி. கீழே அவள் கணவர் வண்டியை அணைக்காமல் நின்றார்.

"சூப்பர்வைசர்கிட்ட இவுங்களே வந்து பேசுனாங்க டீச்சர். அரை மணி நேரம் பர்மிஷன்."

நான் விலகப் போனேன். அவள் என் தோளைப் பிடித்தாள். "நீங்க எங்க போறீங்க? மூணு பேரா சாயலாம்."

நாங்கள் மூவராகச் சாய்ந்தோம். அப்படிப் பழகியதே இல்லை. கைகள் முக்கோணமாக இறுகின. வானம் தலைக்கு மேல் சரிந்து வந்து அப்படியே நின்றது. யாரும் யாரையும் விடவில்லை. மடையைத் தாண்டும் இடத்தில் இருபத்தோரு பேரும் ஒன்றாகத் தாண்டினோம். இறங்கும்போது மேடைப் பலகை ஒரே ஒரு சத்தம் போட்டது. இருபத்தோரு சத்தம் இல்லை. அதற்குப் பிறகு கேட்டது கைதட்டலா கூச்சலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவள் வணக்கம் சொன்ன கையோடு படியிறங்கி வண்டியில் ஏறிக் கடைக்குப் போய்விட்டாள். குழு ஆடி முடித்தபோது ஆறு ஆகவில்லை. ஒருவரும் வழுக்கவில்லை. கடைசியில் இயக்குநர் அக்காவை மேடைக்கு அழைத்து, தன் ஆட்டக்காரர்களோடு ஒரே வரிசையில் நிறுத்தினார். அவர்கள் தலைகுனிந்து வணங்கினார்கள். அக்கா குனியவில்லை. இரண்டு கையையும் கூப்பி, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, சொந்தக்காரர்களைத் தேடுவதுபோலக் கூட்டத்தைப் பார்த்தார்.

நான் வீட்டுக்கு நடந்தே போனேன். புடவை முழுக்க வியர்வை, காலில் மணல். நாற்சந்தியில் போக்குவரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "நீங்க மேடையில இருந்தீங்கள்ல? நல்லா ஆடுனீங்கம்மா" என்றார்.

யாராவது பாராட்டினால், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

"ஆமாங்க, நல்லா ஆடுனோம்" என்றேன்.