தரையைத் தொடாத பெயிண்டர்

"பிரஷ்ஷைக் கையில எடுத்தேன்னா, சுவர் முடியற வரைக்கும் என் கால் தரையைத் தொடாது!"

ஆகாயம் இப்படிச் சூளுரைத்தபோது எதிரே இருந்தவை மச்சினனும் ஒரு வாளி வெள்ளைப் பெயிண்டும். மறுத்துப் பேச இரண்டுக்கும் துணிச்சல் இல்லை.

ஆகாயம் என்பது பட்டப்பெயர். இரட்டை ஏணியின் உச்சியில் காலைப் பரப்பி நின்று, இடுப்பை அசைத்து, ஏணியையே பொய்க்காலாக நடத்திப்போவது பெயிண்டர்கள் வழக்கம். மற்றவர்கள் இரண்டடி நகர்வார்கள். இவரோ தலையைத் தாழ்த்தி வாசலைத் தாண்டி அடுத்த அறைக்கே போய்விடுவார்.

தகராறெல்லாம் தரையில்தான். வழவழவென்ற தளத்தில் சும்மா நடந்தாலும் இடது கணுக்கால் மடங்கிக்கொள்ளும். வீங்கும், வடியும், மறுபடி மடங்கும். "தரை சரியில்ல" என்று தீர்ப்பு எழுதிவிட்டு மேலேறிவிடுவார்.

ஒருநாள் ஏணி உச்சியிலேயே கால் மடங்கியது. ஆகாயம் மின்விசிறிக் கொக்கியைப் பிடித்துத் தொங்கினார். வாளி மச்சினன் தலையில் கவிழ்ந்தது.

"ஏன் மாமா, அங்கயும் தரை சரியில்லையா?" என்றது அந்த வெள்ளை உருவம்.

சில மாதம் பயிற்சி கொடுத்துப் பார்த்த டாக்டர், மறுபடி காலைத் திருப்பிப் பார்த்தார். "எலும்பைப் பிடிச்சிருக்கிற நார் தளர்ந்துபோச்சு. பயிற்சியெல்லாம் செஞ்சு பார்த்தாச்சு. இனி அதை இழுத்து எலும்போட சேர்த்துத் தைக்கணும்."

தையல் கடை வைத்திருக்கும் மனைவி முன்னால் வந்தாள். "ரெட்டைத் தையலாப் போடுங்க டாக்டர். இவரு சும்மா இருக்கற ஆளில்ல."

"திரும்ப ஏணி ஏறலாமா?" என்றார் ஆகாயம்.

"ஏறலாம். ஏணியை நடத்தக் கூடாது. இன்னொரு தடவை பிய்ஞ்சா ஏறவே முடியாது."

சாதாரணப் பெயிண்டராக உயிர் வாழ்வதா? அந்தக் கேள்வியோடுதான் அறுவை சிகிச்சை மேசையில் படுத்தார்.

முதுகில் ஊசி இறங்கியதும் இடுப்புக்குக் கீழே உலகம் கரைந்தது. தூக்க மருந்தில் ஏணி கூரையைக் கடந்து மேகங்களுக்குள் நடந்தது. ஆகாயம் மேகங்களுக்கு இரண்டாவது கோட் அடித்தார். எத்தனை மெத்தென்ற சுவர்கள்! ஓரத்தில் ஒரு நீலத்திட்டு மட்டும் விட்டுப்போயிருந்தது. எட்டவில்லை. இடுப்பை அசைத்தார், இடுப்பைக் காணோம். இறங்கி ஏணியை நகர்த்தலாம் என்றால் கீழே தரையே இல்லை. வாழ்நாளில் முதன்முறையாக அவருக்குத் தரைமேல் ஆசை வந்தது.

பிறகு மாவுக்கட்டு, ஊன்றுகோல், கால் பயிற்சிக்காக ஆடுகிற மெத்தைமேல் ஒற்றைக்காலில் நிற்கும் தவம்.

"ஏங்க, இப்ப தரை எப்படி?" என்பாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

"பரவால்ல. திருந்திட்டு வருது."

மாதங்கள் கழித்து முதல் வேலை. சாயங்கால வெயில் அறைக்குள் தேனாய் வழிந்தது. கைக்கு எட்டிய சுவர் முடிந்துவிட்டது. ஏணி நடக்கப்போகிறது என்று மச்சினன் முன்ஜாக்கிரதையாக வாளியோடு மூலைக்கு ஒதுங்கினான்.

ஆகாயம் பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டார். ஒவ்வொரு படியாக இறங்கினார். இடது பாதத்தைத் தரையில் வைத்துச் சற்று நேரம் நின்றார். தரை அசையவில்லை.

ஏணியைத் தூக்கி ஒரு கைநீளம் தள்ளி வைத்தார். மச்சினன் பக்கம் பார்க்காமலே ஏறினார்.