திருவாங்கூர் ராஜா தாவிய ஆட்டம்

சாலைக் கடைத்தெருவில் நான் குமாஸ்தாவாக இருந்த தேயிலைக் கம்பெனியிலிருந்து, மழைக்காலம் முழுவதும் யாராவது ஒருவர் பொன்முடி மலைத்தோட்டத்தில் போய் இருந்தாக வேண்டும். அந்த வருஷம் என் பெயரும் பக்கத்து மேஜைக்காரர் பெயரும் அடிபட்டன. அவருக்கு அட்டைப்பூச்சி என்றாலே குலைநடுக்கம். எனக்குக் கல்யாணமான புதுசு. "உங்களுக்குள்ளேயே தீர்த்துக்கோங்கோ" என்று மானேஜர் கைகழுவிவிட்டார். சதுரங்கத்தில் தோற்றவர் மலையேறுவது என்று பேசிக்கொண்டோம்.

சனிக்கிழமை மத்தியானம் தேயிலைப் பெட்டி ஒன்றின்மேல் பலகையை வைத்தோம். எனக்குக் கறுப்பு. நாட்டு ஆட்டத்தில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும். நானோ புத்தகம் படித்த திமிரில், முதலில் இரண்டு கட்டம் போகிற இங்கிலீஷ் ஆட்டம்தான் வேண்டும் என்றேன். "ஆயிக்கோட்டே" என்று ஒப்புக்கொண்டார்.

ஆரம்பத்திலேயே, என் ராஜாவுக்குக் காவலாக நின்ற சிப்பாயைக் கொண்டுபோய் அவர் வாயில் வைத்தேன். பலித்தால் நடுப்பலகை எனக்கு. பிசகினால் என் ராஜா நடுத்தெருவில். புத்தகமே ஆபத்து என்றுதான் எச்சரித்திருந்தது.

"ஓய், புத்தி கெட்டுப்போச்சா?" என்று சிரித்துக்கொண்டே வெட்டினார். அதற்குமேல் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் குதிரையை விரட்டினேன், மந்திரியை இறக்கினேன், ஒரு யானையைத் தானம்கூடக் கொடுத்தேன். அடுத்த நகர்த்தலில் அவர் கதை முடிந்தது என்று நான் கையைத் தேய்த்துக்கொண்டிருக்கையில், மனிதர் நிதானமாகத் தம் ராஜாவைத் தூக்கி, குதிரை போல ஒரு தாவு தாவ வைத்தார். நாட்டு ஆட்டத்தில் ராஜாவுக்கு ஒருதரம் அந்த உரிமை உண்டு.

"இங்கிலீஷ் ஆட்டம்னு சொன்னோமே?"

"அது சிப்பாய்க்கு. இது திருவாங்கூர் ராஜாவாக்கும்."

வேடிக்கை பார்த்தவர்கள் என் பக்கம் பேசினார்கள். ராஜா பழைய கட்டத்துக்கே திரும்பினார். நான் ஜெயித்தேன்.

கரமனையில் எங்கள் வீட்டுக்குக் கால் தரையில் படாமல் வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முகம் விழுந்துவிட்டது.

"மலைக்கு நானும் கூட வருவேன், அங்கே நாம ரெண்டு பேர் மட்டும்தானே இருப்போம்னு நெனச்சேன். கம்பளியைக்கூட வெயில்ல போட்டுட்டேன்" என்றாள்.

அண்ணாக்களும் மன்னிகளும் குழந்தைகளுமாக நெரிந்த அந்த வீட்டில் நாங்கள் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. எனக்கு அது உறைத்திருக்கவே இல்லை. சந்தோஷத்தில் காது சூடாகிவிட்டது.

திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் அவர் மேஜைமுன் போய் நின்றேன்.

"ஓய், யோசிச்சுப் பார்த்தேன். திருவாங்கூர் ராஜா தாவினது நியாயம்தான். தோத்தது நான்."