அலாரம் வைத்துப் படித்தது

ஒரு வேலையைத் தள்ளிப்போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரியை. டிப்ளோமாவுக்காக ஓர் ஆய்வறிக்கை எழுத வேண்டியிருந்தது. எழுத உட்கார்ந்தால்தான் எனக்கு அலுமாரியை அடுக்கத் தோன்றும். கூடப் படித்த ஒருத்தி என் போனில் ஒரு செயலியை ஏற்றித் தந்தாள். தொடங்கும்போது ஒரு மணி அடிக்கும். இருபத்தைந்து நிமிடம் வேறு எதையும் தொடக்கூடாது. முடிந்ததும் இன்னொரு மணி, அப்புறம் சின்ன ஓய்வு.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் நடுச்சுவர் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். முதல் நாளே பக்கத்து வீட்டு அக்கா, கொழுந்து பறித்துவிட்டு வந்த கையோடு வாசலில் வந்து நின்றார். அவர் மகள் என் வகுப்பில்தான் படிக்கிறாள்.

"என்னங்க டீச்சர், கோயில் மணி மாதிரி அடிக்குது?"

"படிக்கிறதுக்கு அலாரம் வச்சிருக்கேன்க்கா. அது ஓடுறப்ப கவனம் சிதறக் கூடாது."

"அப்ப நாங்க சத்தம் போடக் கூடாதுங்களா?"

"கொஞ்சம் மெதுவா இருந்தீங்கன்னா நல்லாருக்கும்" என்றேன், ஒரு பேச்சுக்கு.

உண்மையில் அந்த வீட்டில் சத்தம் போடுபவர் அக்கா அல்ல, அவர் கணவர். குடித்துவிட்டு வந்தால் ஏச்சு, பாத்திரம் உருளும் சத்தம். லயத்தில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் டிவியைக் கூட்டி வைத்துக்கொள்வோம். நானும்தான்.

அலாரம் வைத்த மாலைகளில் என் மனம் அதிசயமாக ஒரு நிலையில் நின்றது. முறை வேலை செய்கிறது என்று நம்பினேன். எனக்குப் புரியாமல் போனது வைக்காத நாட்கள்தான். சோம்பலில் போனை நோண்டிக்கொண்டிருந்தால் சுவருக்கு மேலாக அக்காவின் குரல் வரும்: "டீச்சர், இன்னைக்குப் படிக்கலீங்களா?" கரண்டு போன நாளில்கூட, "போன்ல அடிக்கும்தானுங்களே?" என்றார். என் படிப்பில் இவருக்கு என்ன வந்தது? என் அம்மாகூட இப்படி விரட்டியதில்லை. ஒரு நாள், "எனக்குத் தலைவலிக்கா" என்று வெடுக்கென்று சொன்னேன். அன்றைக்குப் பாத்திரம் உருண்டது. நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

எப்படியோ அறிக்கை முடிந்தது. ஹட்டனுக்குப் போய்த் தபாலில் சேர்த்துவிட்டு, திரும்பும் பஸ்ஸிலேயே செயலியை அழித்தேன். சில நாள் கழித்துத் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் அக்கா கேட்டார்.

"படிப்பு முடிஞ்சிருச்சுங்களா டீச்சர்?"

"முடிஞ்சிருச்சுக்கா. விட்டது தொல்லை."

அவர் சிரிக்கவில்லை. "வேற படிப்பு ஒன்னும் இல்லீங்களா?"

விளங்காமல் பார்த்தேன். அவர் குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த மணி அடிச்சா அவரு வாயத் தொறக்க மாட்டாரு. புள்ளைக்குப் படிச்சுக் குடுக்கிற டீச்சர், படிக்கட்டும்னு உக்காந்திருவாரு. ரெண்டாவது மணிக்குள்ள அநேகமாத் தூங்கிருவாரு."

வெட்கமா, கோபமா, எனக்கு வந்தது எதுவென்றே தெரியவில்லை. என் மனம் ஒரு நிலையில் நின்றது அவர் கணவர் வாய் மூடியதால்தானா? பிள்ளையின் டீச்சருக்கு இருக்கும் மரியாதை பிள்ளையின் தாய்க்கு ஏன் இல்லை? பொலிசில் சொல்வோமா என்று ஆரம்பித்தேன். "ஐயோ வேணாங்க" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை செயலியை மறுபடி இறக்கினேன். மேசையில் ஒரு தாள்கூட இல்லை. மணி அடித்ததும் பக்கத்தில் தொடங்கியிருந்த ஏச்சு பாதியில் நின்றது. எனக்குப் பயமாக இருந்தது. இருபத்தைந்து நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது மணி அடித்தது. சுவருக்கு அந்தப்பக்கம் அக்காவின் கணவர் தொண்டையைச் செருமினார். ஓய்வு எடுக்காமல் மறுபடியும் அழுத்தினேன்.