நிலை இடிச்சிடுச்சி

எனக்காக அம்மா அழுது நான் பார்த்ததில்லை. பேப்பரில் வந்த ஒரு பையனுக்காக அழுதாள்.

அப்போது அம்பத்தூரில், எஸ்டேட்டுக்குப் போகும் வழியில், ஆறு வீடுகள் ஒட்டி நின்ற லைன் வீட்டில் குடியிருந்தோம். எனக்கு எட்டு வயது. கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை. எரிந்த வீட்டின் முன்னால் தலையில் கட்டோடு நின்ற பையனின் படத்தை அம்மா கத்தரித்துக் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்தாள். தலை வாரும்போதெல்லாம், "இன்னா பாவம் பண்ணுச்சி இந்தப் புள்ள" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். தெருப் பையன்கள் போர்வையை விரித்துப் பிடித்துத் அகதிகளுக்குத் துணி கேட்டு வந்தபோது என் தீபாவளிச் சட்டையை அதில் போட்டாள். நீலச் சட்டை, இரண்டு பை வைத்தது. எனக்கு எதையும் வாய்விட்டுக் கேட்க வராது. அந்தச் சட்டையில் படத்துப் பையன் நிற்பதை நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை. "எம் புள்ளைக்கும் மனசு தாங்கல, சாப்பிட மாட்டேங்குது" என்று அம்மா லைன் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

அடுத்த வீடு சித்தி வீடு. அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. வாரம் ஒருமுறையாவது கன்னம் வீங்கியோ புருவம் கிழிந்தோ வருவாள்.

"நிலை இடிச்சிடுச்சிக்கா."

"பாத்து வரக்கூடாதா" என்று அம்மா மஞ்சள் பற்றுப் போடுவாள். அதற்குமேல் பேச்சு இருக்காது. எங்கள் லைனில் வாசல் நிலைகள் தாழ்வு. அப்பா குனிந்துதான் உள்ளே வருவார். சித்தி அப்பாவின் தோளுக்குக்கூட வரமாட்டாள். ஆனாலும் நிலை அவளைத்தான் இடித்தது.

சாயங்காலம் சித்தப்பா வேலை விட்டு வந்த பிறகு சித்தி வீட்டில் பாத்திரம் உருளும். உடனே அம்மா ரேடியோவைக் கூட்டி வைப்பாள். அந்தப் பையனைப் பற்றி ஏதாவது சொல்வார்களா என்று கேட்கத்தான் என நினைத்து, அந்த ரேடியோவையே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தலைக்கட்டுதான் அம்மாவை அழவைக்கிறது என்று பட்டது. ஓடிப்போய் எங்கள் வீட்டு நிலையில் நெற்றியை மோதினேன். நினைத்ததைவிட அதிகமாக ரத்தம் வந்தது. அப்படியே குழாயடிக்குப் போனேன். அம்மாவும் சித்தியும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "எவன்டா அடிச்சான்?"

"யாரும் அடிக்கல. நிலை இடிச்சிடுச்சி."

"பொய் சொல்லாத. நெல எப்டிடா ஓடியாந்து இடிக்கும்? எவன்னு சொல்லு. அவன் ஊட்டுக்கே போய்க் கேக்கறேன்."

சித்தியின் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"போய்க் கேப்பியாக்கா?" என்றாள் மெதுவாக.

அம்மா முந்தானையை என் நெற்றியில் அழுத்திப் பிடித்தபடி சித்தியையே பார்த்தாள். சித்தி ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்காகத்தான் அழுகிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா அப்போதும் அழவில்லையே என்று கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

அன்று சாயங்காலம் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் பாத்திரம் உருண்டது. அம்மா எழுந்து ரேடியோவின் பக்கம் போனாள். கூட்டி வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். நிறுத்திவிட்டாள். செருப்புகூடப் போடாமல் வெளியே போய், சித்தி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

நான் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். இப்போது எனக்கும் தலையில் கட்டு இருந்தது. பாதிச் செய்தியில் அம்மா ரேடியோவை நிறுத்தியதற்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். அவனை விட்டுவிட்டாள். நான் ஜெயித்துவிட்டேன்.