பொட்டும் தோலும்

சென்ற வாரம் மன்னார்குடிக் கடைத்தெருவில், மாதிரிக்கென்று திறந்து வைத்திருந்த ஒரு கண்ணாடிப் புட்டியைக் கையில் எடுத்தேன். "கறுப்பு உளுந்துத் தோல் பொடி" என்று ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். பூசணமும் எலியும் கலந்த வாடை. "அத்தனையும் சத்து சார்" என்றார் கடைக்காரர்.

அந்த வாடை எனக்குப் பழக்கம். நான் செயலாளராக இருந்த பருப்பு ஆலையில், உளுந்து உடைக்கும்போது விழும் தோலைப் பொட்டு என்போம். பொட்டு என்றால் மாட்டுத் தீவனம்; ஆகவே மூலையில் தள்ளிவிடுவதோடு சரி. வெற்றிலை எச்சில், புறா எச்சம், எலிப் புழுக்கை எல்லாம் அந்தக் குவியலில்தான் சேரும்.

ஆலையின் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட அம்மாளை லேப் மேடம் என்று அழைப்போம். தோலில்தான் நார்ச்சத்து அதிகம், மலச்சிக்கலுக்கு நல்லது, சர்க்கரை சட்டென்று ஏறாமல் தடுக்கவும் உதவலாம் என்று ஒரு கூட்டத்தில் அவர் பேசினார். அவர் சொன்னது கழுவி உலர்த்திய உளுந்தின் தோலை. ஆலைத் தலைவர் காதில் "சத்து" மட்டும் விழுந்தது. குவியலை அப்படியே அரைத்து, மாணவர் விடுதிக்கு அனுப்பும் தோசை மாவில் கலக்கச் சொல்லிவிட்டார்.

"பொட்டு தீவனச் சரக்குங்க. உணவுக் கிடங்குக்குள்ள வர விதியில்லை" என்றேன்.

"பொட்டுன்னு எழுதினாத்தானே மாட்டுக்கு? தோல்னு எழுதுங்க சார், மனுஷனுக்கு ஆயிடும்" என்றார் தலைவர்.

மாட்டை மனிதனாக்கும் இந்த வழிமுறையை நான் எந்த விதிப்புத்தகத்திலும் படித்ததில்லை.

லேப் மேடம் வாதாடவில்லை. அரைத்த பொடியைக் கலந்து ஒரு தோசை வார்த்து, நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தலைவர் முன் வைத்தார். "பிள்ளைங்களுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க ருசி பாருங்க தலைவரே." சாம்பல் நிறத் தோசையின் நடுவே ஒரு இறகுத் துணுக்கு. தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அய்ய! எடுத்து மாட்டுக்குப் போடும்மா!"

வாய்மொழி உத்தரவும் உத்தரவுதான். குழுவின் முன் சொன்னதை அதே சொற்களில் கூட்டக் குறிப்பில் ஏற்றி, அவரிடமே கையெழுத்தும் வாங்கினேன். மூட்டைகள் அன்றே தீவனக் கிடங்குக்குத் திரும்பின. விடுதிப் பிள்ளைகள் தப்பித்தார்கள். மாடுகளின் கருத்தை யாரும் கேட்கவில்லை. "நல்ல பொருளை நாறடிச்சிட்டாங்க சார்" என்றார் மேடம், கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியபடி.

அவர் சொன்ன சத்து இன்று ஊருக்கே தெரிந்துவிட்டது. அவர் சொன்ன கழுவுதல்தான் யாருக்கும் எட்டவில்லை. எந்த ஆலையில், எந்தத் தரையில் அள்ளியது என்று புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சத்துகளின் பெயர்கள்தான் இருந்தன.

"இதுல தோசை சுட்டு நீங்க சாப்பிட்டிருக்கீங்களா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"அய்ய, நமக்கு எதுக்கு சார்? இது விக்கிறதுக்கு" என்றார்.